திருநாளும் தாதிமார் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

இவ்விழாவிற் பேசுமாறு அழைத்த செயலாளர் அவர்கள் 'வாலிபரும் சமூக சேவையும்' என்னும் பொருளை நமக்குத் தந்தார்கள். அது மிகப் பெரிய பொருள். பெரிய பொருளைப் பற்றிப் பேசுவது எளிது. கேட்டவர்கள் படலையைத் தாண்டுமுன் அதை மறந்துவிடுவதும் எளிது. ஆதலின் அப்பொருளின் ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். பொங்கலன்றும் தீபாவளியன்றும் வருடப் பிறப்பன்றும் ஆஸ்பத்திரிக்குக் கடமைக்கு வரவேண்டிய தாதி ஒருவர், 'இன்றைக்குச் சுகமில்லை' என்று தொலைபேசியிற் சொல்லி வீட்டில் நின்றுவிடுவது உண்டல்லவா? அதைப் பற்றியே பேசப் போகிறோம். இதுவும் ஒரு பொருளா என்று பெரியோர் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கச்சேரிக்கு விடுமுறை உண்டு, வங்கிக்கு உண்டு, பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. நமது நாட்டிலே பூரணை தினம் ஒவ்வொன்றும் பொது விடுமுறை. அதற்குமேல் சைவர், பௌத்தர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய எல்லாருடைய பெருநாட்களும் இருக்கின்றன. ஆனால் நோய் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பிரசவ வேதனை பூரணை கழியட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆகவே ஆஸ்பத்திரி ஒன்றே ஆண்டின் 365 நாட்களும் இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

அங்கே வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதிமாரின் கடமை பெரும்பாலும் மூன்று முறையாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. காலை 7 மணி முதற் பகல் 1 மணி வரை ஒன்று. 1 மணி முதல் மாலை 7 மணி வரை இன்னொன்று. மாலை 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை இரவுக் கடமை. வருபவரிடம் நோயாளரை ஒப்படைத்த பின்னரே இருப்பவர் வீடு செல்லலாம். இந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு ஊசி, அந்த நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு, மற்றவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பனவெல்லாம் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போகவேண்டும். கந்தோரில் எழுதுவினைஞர் ஒருவர் வராவிட்டாற் கோப்பு மேசையிற் கிடக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வாட்டிலே நோயாளியை அவ்வாறு கிடக்கவிட முடியுமா? ஆகவே வராதவருக்குப் பதிலாக, ஏற்கெனவே 6 மணிநேரம் நின்று களைத்தவர் இன்னும் 6 மணிநேரம் நிற்கிறார். இல்லாவிட்டால் மூவர் பார்க்கும் வேலையை இருவர் பார்க்கின்றனர். சுகமில்லையென்று சொன்னவர் தாம் அரசாங்கத்திடம் ஒருநாள் விடுமுறை பெற்றுக்கொண்டதாகவே எண்ணுகிறார். அந்த விடுமுறையைக் கொடுத்தவரோ, அதே சீருடை அணிந்த இன்னொரு பெண். அவரைக் கேட்காமலே அது எடுக்கப்பட்டது.

இனி நமது சொந்தக் கதைக்கு வருவோம். பிறர் குற்றத்தைச் சொல்ல மேடையேறியவர் தமது குற்றத்தை மறைப்பது முறையன்று.

நமது அண்ணி ஒரு தாதி. மூன்றாண்டுகளுக்கு முன், திருமணம் முடிந்து வந்த முதற் பொங்கலன்று அவருக்குக் காலைக் கடமை விழுந்திருந்தது. மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தார்; எவரும் அகப்படவில்லை. 'தலைப்பொங்கலுக்கு மருமகள் அடுப்படியில் இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?' என்றனர் நம் வீட்டுப் பெரியோர். அண்ணி ஒன்றும் பேசவில்லை. பொய் சொல்லவும் அவர் வாய் எழவில்லை. அண்ணனோ முற்றத்தில் அடுப்புக் கற்களை வைத்துக்கொண்டிருந்தார். ஈற்றில் தொலைபேசி நமது கையிலே திணிக்கப்பட்டது. மிஷன் பாடசாலையிற் பத்தாண்டு படித்து, 'பொய் சொல்லல் ஆகாது' என்ற பாடத்திற் பரிசும் பெற்ற நாம், 'அண்ணிக்குக் காய்ச்சல்' என்று சொன்னோம். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், 'சரி தம்பி, அண்ணியைக் கவனமாகப் பாத்துக்கொள்ளுங்கோ' என்று ஒரு குரல் கேட்டது. அன்று பொங்கல் நன்றாகவே பொங்கியது. கசுக்கொட்டையும் முந்திரிகை வற்றலும் போட்டிருந்தோம். நாம் இரண்டு தடவை வாங்கி உண்டோம்.

அடுத்த பொங்கலை நாம் வேறொரு ஆஸ்பத்திரியிற் கழித்தோம். அப்பப்பாவுக்கு நெஞ்சிற் சளி கட்டி மூச்சுத் திணறல் வந்து, ஒட்சிசன் குழாயுடன் வாட்டிற் கிடந்தார். துணைக்கு நாம் இருந்தோம். பகல் 1 மணிக்கு வரவேண்டிய தாதி வரவில்லை. காலையில் வந்தவரே தொடர்ந்து நின்றார். 2 மணிக்குப் போடவேண்டிய ஊசி 4 மணியாகியும் போடப்படவில்லை. இடையில் அப்பப்பாவின் மூக்கிலிருந்த குழாய் விலகிவிட, நாம் பதறிக் கூப்பிட்டோம். அந்தத் தாதி வாட்டின் மறுகோடியில் இரத்தம் கக்கிய ஒருவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தார். பின் மருந்துப் போத்தலை எடுத்து, அதன் பெயரைப் படித்து, மீண்டும் ஒருமுறை படித்து, மூன்றாம் முறையும் படித்த பின்னரே ஊசியில் ஏற்றினார். நாம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, 'குறை நினையாதேங்கோ தம்பி. விடிய ஏழு மணிக்கு வந்தனான். கண் மங்குது, அதுதான் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். பின்னேரம் வரவேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சலாம்' என்றார்.

காய்ச்சல்! நாம் சொன்ன அதே சொல். அந்தத் தாதிக்கு வீட்டிலே ஐந்து வயது மகன் ஒருவன் இருந்தான். அம்மா வந்த பின்னரே பொங்கல் உண்பேன் என்று அவன் அழுதுகொண்டிருப்பதாகச் சிற்றூழியர் ஒருவர் சொன்னார். முந்திய ஆண்டு நமது தொலைபேசிக்கு மறுமொழி சொன்ன குரலுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கும் ஒரு பிள்ளை காத்திருந்திருக்கும் என்று அன்றுதான் நமக்குத் தோன்றியது. அப்பப்பா பிழைத்து வீடு வந்தார். ஆகையினாலேதான் இக்கதையை இங்கே நின்று இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடிகிறது.

ஒரு தாதி குறைந்தால் என்ன நேரும் என்பதை ஊகத்தினால் மாத்திரம் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் 1998, 1999ஆம் ஆண்டுகளிற் சத்திரசிகிச்சை பெற்ற 232,342 நோயாளரின் விவரங்களை, லிண்டா எய்க்கின் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அவர்கள் கண்டனர். தாதி மனமும் உடலும் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதாகவும் கண்டனர். அந்த ஆராய்ச்சி திருநாளைப் பற்றியதன்று. ஆண்டு முழுவதும் ஆள் குறைந்த வாட்டுகளைப் பற்றியது. எனினும், சோர்ந்த தாதிதான் நாளை வேலைக்கு வர மனமில்லாமற் படுத்துவிடுகிறார் என்பதையும், அவர் வராமையால் இன்னொருவர் சோர்கிறார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வருகிறது. கலிபோர்னியா மாநிலம் 1999இற் சட்டம் இயற்றி, ஒரு தாதிக்கு இத்தனை நோயாளருக்கு மேற் கொடுக்கலாகாது என்று 2004 முதல் வரையறுத்ததும் இக்காரணம் பற்றியே.

திருநாளன்று ஆஸ்பத்திரியில் ஆட்கள் குறைந்தால் என்ன, அன்று நோயாளரும் குறைவுதானே என்பார் உளர். நமது நாட்டின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நத்தாரின் மறுநாள், பூரணை விடுமுறையும் அதுவே. அன்று காலையிற் கடல் பொங்கி வந்து, இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்ற நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். விடுமுறை நாளிற் கடமையிலிருந்த சிலரே அவர்களை முதலில் ஏந்தினர்.

யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு நாளும் நினைவிருக்கும். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி தீபாவளி. போர் நடந்துகொண்டிருந்த அந்நாளிலும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் வைத்தியர்களும் தாதிமாரும் ஊழியர்களும் கடமையில் நின்றனர். அன்றும் மறுநாளும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளரும் ஊழியருமாக 60க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் வைத்தியர்களும் தாதிமாரும் இருந்தனர். தீபாவளியன்று வீட்டில் நிற்க அவர்களுக்கு எத்தனையோ நியாயம் இருந்தது. அவர்கள் நோயாளரோடு நின்றார்கள். நாம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. எனினும் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தலைப்பொங்கலுக்காகக் காய்ச்சல் என்று பொய் சொன்னோம் என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், தாதிமாரை நிந்திக்க வந்தோம் என்று எண்ணிவிடாதீர்கள். மறுபக்கமும் உண்டு. தாதியும் மனிதப் பிறவி. திருநாளன்று அவருக்கு மெய்யாகவே காய்ச்சல் வரலாம். அப்படி வந்தால் அவர் வேலைக்கு வரவே கூடாது. வந்தாற் பலவீனமுற்ற நோயாளருக்கு அவரே நோயைக் கொடுப்பார். சுகவீனம் என்று சொல்பவரையெல்லாம் பொய்யர் என்பது பெரும் பாவம். மேலும், சில இடங்களிற் கடமை அட்டவணை கடைசி நேரத்திலேயே ஒட்டப்படுகிறது. மணமாகாதவள், பிள்ளையில்லாதவள், புதிதாக வந்தவள் ஆகியோர் தலையிலேயே திருநாட்கள் விழுகின்றன. தெரிந்தவர் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் பொங்கல் வீட்டிலே. இத்தகைய அநியாயம் இருக்கும்வரை, பொய்க் காய்ச்சலும் இருக்கத்தான் செய்யும்.

அமெரிக்காவிலே இதே தொல்லை நத்தாருக்கும், நவம்பர் மாதத்தில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கும் எழுகிறது. திருநாளுக்கு முன்னோ பின்னோ உள்ள கடமைக்கு வராவிட்டால் விசேட சம்பளத்தை வெட்டும் ஆஸ்பத்திரிகள் அங்கே உண்டு. அடுத்த திருநாளிலும் அவரையே வேலைக்கு அழைப்பனவும் உண்டு. தண்டனையாற் பொய் சிறிது குறையலாம்; ஆனால் மெய்யான நோயுடையவரும் பயந்து வேலைக்கு வந்துவிடுவார். அங்கேயே பல இடங்களிற் கைக்கொள்ளும் இன்னொரு முறை மேலானது. இவ்வாண்டு நத்தாருக்கு நின்றவர், வரும் ஆண்டு நத்தாருக்கு வீட்டில் நிற்பார். இது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தமது முறை வரும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைப் பாடசாலையில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1854இல் 38 பெண்களோடு போர்க்கள ஆஸ்பத்திரிக்குப் போனார், இரவில் விளக்கேந்தி வந்தார் என்பவற்றோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் 1859இல் அவர் எழுதிய தாதியம் பற்றிய நூலில், நிர்வாகத்தைக் குறித்து ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. தாதி அருகில் நிற்கும்போது என்ன நடைபெறுகிறதோ, அவர் இல்லாதபோதும் அதுவே நடைபெறும்படி முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். விளக்கைப் படித்த நாம் ஒழுங்கைப் படிக்கவில்லை. நமது வள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிலிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாக வைத்து எண்ணுகிறார். நான்கு காற் கட்டிலில் ஒரு கால் திருநாளன்று மட்டும் இல்லாமற் போகலாமா?

நமது நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. நாம் படித்த மிஷன் பாடசாலையின் விடுதியிலே சமையற்காரர் நால்வர் இருந்தனர். இருவர் கிறிஸ்தவர், இருவர் சைவர். நத்தாருக்குச் சைவர் இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொள்வர். தீபாவளிக்குக் கிறிஸ்தவர் இருவரும் பார்த்துக்கொள்வர். இதற்கு எவரும் சட்டம் எழுதவில்லை. வெசாக்குக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் தாதிமார் தமக்குள் இவ்வாறு மாறிக்கொள்ளலாம், மாறிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நமது அண்ணி சென்ற நத்தாருக்கு ஒரு கிறிஸ்தவ சகோதரிக்காக நின்றார்; தீபாவளிக்கு அந்தச் சகோதரி அண்ணிக்காக நின்றிருந்தார். மேலிடத்தார் இதனைத் தடுக்காமல் ஊக்கப்படுத்தினாற் போதும்.

வாலிப நண்பர்களே, சங்கம் இதில் என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைப் பணிவுடன் சொல்லுகிறோம்.

முதலாவது, நம் வீடுகளில் தாதிகளாக உள்ள அக்காமார், தங்கைமார், அண்ணிமார் ஆகியோரைத் திருநாளன்று பொய் சொல்லும்படி நெருக்காதிருப்போம். அடுப்பையும் பிள்ளையையும் ஆண்கள் அன்று ஏற்றுக்கொள்வோம்.

இரண்டாவது, திருநாட்களில் பஸ் குறைவு. வர மனமிருந்தும் வழியின்றி நிற்கும் தாதிகள் உளர். மோட்டார் சைக்கிளும் காரும் உள்ள உறுப்பினர், தத்தம் அயலிலுள்ள தாதியரை வீட்டாரோடு பேசிக் காலையிற் கொண்டுபோய் விட்டு, கடமை முடிந்தபின் கூட்டிவரலாம்.

மூன்றாவது, பெருநாளன்று ஒரு நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேர் பட்டுடுத்திப் போய் வாட்டை நிறைப்பதை விடுவோம். போகிற இருவரும் கடமையிலிருப்போருக்கு ஒரு சாப்பாட்டுப் பொதி கொண்டுபோவோம்.

நான்காவது, கடமை அட்டவணை ஒரு மாதமேனும் முன்னதாக வெளியிடப்படவும், திருநாட்கள் ஆண்டுக்காண்டு மாறி வரவும், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வசதி இருக்கவும் வேண்டும் என்று, சங்கத்தின் பெயரால் ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவோம். இத்தீர்மானத்தை இன்றைய கூட்டத்திலேயே எடுக்கலாம் என்பது நமது வேண்டுகோள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வாண்டுப் பொங்கலன்றும் அண்ணிக்குக் காலைக் கடமையே விழுந்தது. வீட்டிலே பழைய பேச்சு மறுபடியும் எழுந்தது. அப்போது சாய்மனைக் கதிரையிற் படுத்திருந்த அப்பப்பா, 'பிள்ளை போகட்டும். அங்கை என்னைப் போலை ஒருத்தன் கிடப்பான். நாளைக்குப் பட்டிப்பொங்கலுக்கு அவளுக்கெண்டு இன்னொரு பானை வைப்பம்' என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. அண்ணி 6 மணிக்கே புறப்பட்டார். அண்ணனும் நாமும் பொங்கினோம். பால் பொங்கியது, ஆனால் அடிப்பிடித்துவிட்டது. அடிப்பிடிக்காத பகுதியை வழித்து ஒரு கரியரிற் போட்டு, பத்து மணியளவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் வந்து வாங்கிக்கொண்ட அண்ணி முகர்ந்து பார்த்து, 'தம்பி, நீங்களே பொங்கினது?' என்று கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று எந்த வாட்டுக்கும் நமது வீட்டிலிருந்து தொலைபேசி போகவில்லை.